பாதி மாத்திரையில் பாதுகாப்பு இல்லை

பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பெரும்பாலும் இரவில்தான் ஏறும். கிளினிக் மூடியிருக்கும். அலமாரியில் தாத்தா இதயத்துக்காகச் சாப்பிடும் மாத்திரை இருக்கும், அம்மாவின் தலைவலி மாத்திரையும் இருக்கும். "சின்னப் பிள்ளைதானே, பாதியாக உடைத்துச் சர்க்கரைத் தண்ணீரில் கரைத்துக் கொடு" என்று வீட்டில் மூத்தவர் ஒருவர் சொல்வார். அவர் பாசத்தோடுதான் சொல்கிறார். அந்த யோசனைக்குப் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது: பெரியவருக்கு ஒன்று, பிள்ளைக்குப் பாதி, கைக்குழந்தைக்குக் கால். அந்தக் கணக்குக்குத் துணையாக நமக்குப் பழகிய பழமொழி ஒன்றும் நிற்கிறது: அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. அப்படியானால் அளவைக் குறைத்துவிட்டால் நஞ்சு நீங்கிவிடும் என்று நாமாகவே அதன் மறுபாதியைச் சொல்லிக்கொள்கிறோம். பல மருந்துகளுக்கு அது பொருந்தலாம். காய்ச்சல் கண்ட குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுக்கும் விஷயத்தில் பொருந்தாது. அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி எவ்வளவு கொடுப்பது என்பதன்று. எந்த நோயில் கொடுக்கிறோம், யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான். மாத்திரையை எத்தனை துண்டாக உடைத்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது.

பாதி மாத்திரை நம்பிக்கையை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. மருத்துவர்களும் குழந்தையின் எடையைப் பார்த்துத்தான் அளவைக் குறைக்கிறார்கள். ஆஸ்பிரினும் ஊர் பேர் தெரியாத மருந்தன்று. ஜெர்மனியின் பேயர் நிறுவனம் அதை 1899இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து உலகமே அதைச் சாப்பிட்டிருக்கிறது. நூற்றாண்டு கடந்த மருந்தில் குழந்தைக்கு என்ன ஆபத்து என்று கேட்பது இயல்புதான். இந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்த்த நாடு ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1940களின் பிற்பகுதியிலிருந்து குழந்தைகளுக்கென்றே ஆரஞ்சுச் சுவையில் ஆஸ்பிரின் விற்றார்கள். பெரியவர்களின் மாத்திரை 325 மில்லிகிராம். குழந்தை மாத்திரை 81 மில்லிகிராம், சரியாகக் கால் பங்கு. நம் வீட்டில் கத்தி முனையால் கோணல்மாணலாக உடைப்பதை அங்கே தொழிற்சாலையே பிசகில்லாமல் அளந்து கொடுத்தது. மிட்டாய் என்று எண்ணிப் பிள்ளைகள் டப்பாவோடு தின்றது ஒரு துயரம். குழந்தை திறக்க முடியாத மூடிகளைக் கட்டாயமாக்க 1970இல் அங்கே சட்டம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அளவு மீறியதால் வந்த ஆபத்து அது, பழமொழிக்கு அடங்கியது. பழமொழிக்கு அடங்காத இன்னொரு ஆபத்து, அளவு பார்த்துக் கொடுத்த வீடுகளுக்கும் வந்தது.

சிட்னியில் ராயல் அலெக்சாண்ட்ரா குழந்தைகள் மருத்துவமனையின் நோயியல் வல்லுநர் டக்ளஸ் ரேய், தம் சகாக்களோடு 1963இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். 21 குழந்தைகளைப் பற்றியது அது. அவர்களில் 17 பேர் இறந்துவிட்டார்கள். அந்த நோய்க்கு அவர் பெயரே நின்றுவிட்டது: ரேய் நோய்த்தொகுதி. அது வரும் விதம்தான் கொடுமை. ஃப்ளூ காய்ச்சலோ சின்னம்மையோ கண்ட குழந்தை தேறிவருகிறது, வீடு நிம்மதி அடைகிறது. இரண்டு மூன்று நாளில் திடீரென்று வாந்தி தொடங்குகிறது. குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் நிற்காத வாந்தி. பிறகு குழந்தை அசந்து அசந்து தூங்குகிறது, எழுப்பினால் காரணமில்லாமல் எரிந்துவிழுகிறது, தாயையே அடையாளம் தெரியாமல் உளறுகிறது. அப்போது காய்ச்சல் இல்லாமலே போகலாம், கண்ணில் மஞ்சளும் தெரியாது. உள்ளே ஈரல் செல்களில் கொழுப்பு நுண்துளிகளாக நிறைந்திருக்கும், ரத்தத்தில் அம்மோனியா ஏறியிருக்கும், மூளை வீங்கிக்கொண்டிருக்கும். செல்லுக்கு ஆற்றல் சமைத்துத் தரும் மைட்டோகாண்ட்ரியா பழுதாவதுதான் இத்தனைக்கும் அடிப்படை. வைரஸ் தாக்கி ஏற்கெனவே தள்ளாடும் மைட்டோகாண்ட்ரியாவை, ஆஸ்பிரினிலிருந்து உடம்பில் பிரியும் சாலிசிலேட் மேலும் முடக்குகிறது. பட்டினியும் வாந்தியுமாக இருக்கும் குழந்தையின் உடம்பு கொழுப்பை எரித்துத்தான் ஆற்றல் பெற வேண்டும்; அந்த வழியும் அடைபட்டுப்போகிறது.

ஆஸ்பிரின்மேல் சந்தேகம் விழுந்தது குருட்டாம்போக்கில் அன்று. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஃப்ளூ பரவியபோது ரேய் நோய் கண்ட 7 குழந்தைகளையும், அதே காய்ச்சல் வந்து நலமான 16 வகுப்புத் தோழர்களையும் கேரன் ஸ்டார்கோ குழுவினர் ஒப்பிட்டு 1980இல் எழுதினார்கள். நோய் கண்ட ஏழு பேரும் சாலிசிலேட் சாப்பிட்டிருந்தார்கள். தோழர்களில் எட்டுப் பேர்தான் சாப்பிட்டிருந்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் ஒஹாயோவிலும் மிச்சிகனிலும் செய்த ஆய்வுகள் அதே திசையைக் காட்டின. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை இன்னும் கறாராக நடத்தி 1987இல் வெளியிட்ட ஆய்வில், நோய் கண்ட குழந்தைகளில் 96 விழுக்காட்டினர் சாலிசிலேட் பெற்றிருந்தார்கள். ஒப்பிடப்பட்ட குழந்தைகளில் 38 விழுக்காட்டினர்தான். அளவு கூடினால் ஆபத்தும் கூடுகிறது என்று பின்னர் கண்டார்கள். ஆனால் வைரஸ் காய்ச்சலில் இந்த அளவுக்குள் கொடுத்தால் ரேய் நோய் வராது என்று ஓர் எல்லைக்கோட்டை இதுவரை யாரும் கிழித்துக் காட்டவில்லை. பாதி மாத்திரை நம்பிக்கை அப்படியொரு கோடு இருப்பதாக எண்ணிக்கொண்டு, அதற்கு இந்தப் பக்கம் பத்திரமாக நிற்பதாக நினைக்கிறது.

உடன் இருந்தது என்பதால் அதுவே காரணம் ஆகிவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நோய் முற்றிய பிள்ளையின் தாய் கொடுத்த மருந்தையெல்லாம் அழுத்தமாக நினைவில் வைத்திருப்பாள், மற்றவர்கள் மறந்திருப்பார்கள், அதனால் எண்ணிக்கை சாய்ந்திருக்கலாம் என்றார்கள். காய்ச்சல் கடுமையாக இருந்த பிள்ளைக்குத்தானே மாத்திரை அதிகம் கொடுத்திருப்பார்கள் என்றும் வாதிட்டார்கள். இரண்டாவது ஐயத்தைப் பின்வந்த ஆய்வுகள் காய்ச்சலின் கடுமையையும் கணக்கில் எடுத்துச் சோதித்தன. தொடர்பு அப்போதும் மறையவில்லை. முதல் ஐயத்துக்கு ரத்தமே சாட்சி சொன்னது. அமெரிக்காவில் 1980 முதல் 1997 வரை பதிவான நோயாளிகளில் ரத்தம் சோதிக்கப்பட்டவர்களில் சுமார் 82 விழுக்காட்டினருக்குச் சாலிசிலேட் இருந்தது. தாயின் நினைவை நம்பாதவரும் இதை ஒதுக்க முடியாது. ஆஸ்திரேலியக் குழந்தைகள் பலருக்கு ஆஸ்பிரின் கொடுத்ததாகவே தெரியவில்லை என்று 1980களில் எழுந்த மறுப்பிலும் உண்மை உண்டு. ரேய் நோய் போலவே தோன்றும் நிலை, பிறவியிலேயே கொழுப்பைச் செரிக்கும் நொதி குறைந்த குழந்தைகளுக்கும் வரும் என்று இன்று தெரியும். உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில் ஆண்டுதோறும் குழந்தைகளைக் கொன்ற நோயை ஆராய்ந்தவர்களில் வேலூர் வைரஸ் அறிஞர் ஜேக்கப் ஜானும் ஒருவர். ஆவாரை வகையைச் சேர்ந்த ஒரு களைச்செடியின் விதையைப் பிள்ளைகள் தின்றதே காரணம் என்று அங்கே கண்டார்கள். ஆக, அப்படித் தோன்றும் எல்லாவற்றுக்கும் ஆஸ்பிரின் பொறுப்பில்லை. ஒரு வீடு மின்கசிவால் எரிந்தது என்பதால் இன்னொரு வீடு அடுப்புத் தீயால் எரியவில்லை என்று ஆகிவிடாது.

எச்சரிக்கைக்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய சான்றாகப் படுகிறது. அமெரிக்காவில் 1979–80இல் 555 பேருக்கு ரேய் நோய் பதிவானது. 1980இலிருந்து சுகாதாரத் துறை எச்சரிக்கத் தொடங்கியது, 1982இல் நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியே எச்சரித்தார். மாத்திரை உறையில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்ற யோசனையைத் தயாரிப்பாளர்கள் எதிர்த்தார்கள், சான்று போதாது என்றார்கள்; 1986இல்தான் அது கட்டாயமானது. 1987இலிருந்து எந்த ஆண்டிலும் 36 பேருக்கு மேல் நோய் பதிவாகவில்லை. 1990களின் நடுவில் ஆண்டுக்கு இரண்டு பேர் என்ற நிலைக்கு வந்துவிட்டது. பிரிட்டன் 1986இல் 12 வயதுக்குட்பட்டோருக்கு ஆஸ்பிரின் வேண்டாம் என்றது, அங்கேயும் நோய் தேய்ந்தது. 2002இல் வயது வரம்பை 16 ஆக்கினார்கள். ஃப்ளூ ஆண்டுதோறும் வந்துகொண்டுதான் இருந்தது. வைரஸ் குறையவில்லை, பெற்றோர் மாத்திரையைக் கொடுப்பது குறைந்தது, கூடவே நோயும் குறைந்தது. பிறவி நொதிக் குறைபாடுகளை நன்றாக அடையாளம் காணத் தொடங்கியதும் இந்த இறக்கத்தில் ஒரு பங்கு வகித்திருக்கலாம். இவ்வளவு செங்குத்தான இறக்கத்தை அது ஒன்றே விளக்கிவிடாது. இப்போது அந்த நோயே காணோமே, எச்சரிக்கை எதற்கு என்று கேட்பவர்கள், ஏரிக்கரை உடையவில்லை என்பதற்காகக் கரையே வேண்டாம் என்கிறார்கள்.

"எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கொடுத்திருக்கிறோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்ற பதிலை அடிக்கடி கேட்கலாம். அது பொய்யில்லை. ரேய் நோய் மிக அரிது. ஆஸ்பிரின் சாப்பிட்ட ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு எதுவும் ஆகாது. ஒரு குடும்பத்தின் அனுபவம், ஏன் ஒரு தெருவின் அனுபவம்கூட, இத்தகைய ஆபத்தைக் கண்டுகொள்ளப் போதாது. கண்டாலும் பெயர் சொல்லத் தெரியாது: காய்ச்சல் வந்தது, வாந்தி எடுத்தது, நினைவு தப்பியது, மூளைக்காய்ச்சல் என்றார்கள் என்பதோடு கதை முடிந்துவிடும். ரத்தத்தில் அம்மோனியாவைச் சோதிக்கும் வசதி நம் எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. முந்தின வாரம் என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்று கேட்பதும் எப்போதும் நடப்பதில்லை. அரிதான ஆபத்தை ஏற்கலாமா என்பதை அதனால் கிடைக்கும் பலனை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆஸ்பிரின் குழந்தையின் வைரஸ் காய்ச்சலில் வைரஸைக் கொல்லாது, நோயின் நாட்களையும் குறைக்காது. சூட்டையும் உடல்வலியையும் சிறிது நேரம் தணிக்கும். அதைப் பாராசிட்டமாலும் செய்யும். நோய் வந்துவிட்டால் மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள், பிழைத்தவர்களில் சிலருக்கு மூளை பாதிப்பு நின்றுவிட்டது. கூடுதலாக எந்தப் பலனும் இல்லாத இடத்தில் எவ்வளவு சிறிய ஆபத்தாக இருந்தாலும் அதை ஏற்க நியாயம் இல்லை.

ரேய் நோயை மறந்துவிட்டுப் பார்த்தாலும், டெங்கு உள்ள ஊரில் இந்த மாத்திரைக்கு வீட்டில் இடம் இல்லை. ரத்தம் உறைவதற்குத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். ஆஸ்பிரின் தொட்ட தட்டணு தன் ஆயுள் முழுதும், அதாவது ஏழு முதல் பத்து நாள் வரை, சரிவர ஒட்டாது. டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும் நேரத்தில், மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் வரும். அப்போது தட்டணுக்களின் எண்ணிக்கையே சரிந்துகொண்டிருக்கும். முதல் நாள் இரவு கொடுத்த பாதி மாத்திரையின் வேலை, பிள்ளைக்கு ரத்தக்கசிவு அபாயம் உச்சத்தில் இருக்கும் அந்த நாளிலும் உடம்பில் மிச்சமிருக்கும். தட்டணுவை முடக்க மிகக் குறைந்த ஆஸ்பிரினே போதும். இதய நோயாளிக்கு 75 மில்லிகிராம் கொடுப்பதே அதற்காகத்தான். முதல் நாள் காய்ச்சலைப் பார்த்து இது டெங்கு, இது ஃப்ளூ, இது நாளை மறுநாள் கொப்புளம் போடப்போகும் சின்னம்மை என்று தாயாலும் சொல்ல முடியாது, மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அம்மை போட்டுவிட்டது என்று தெரிந்தால் மாத்திரையைத் தொடாமல் வேப்பிலை கட்டி வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஆஸ்பிரினைப் பொறுத்தவரை அந்த விலக்கு தற்செயலாக நல்லதே செய்தது. ஆனால் கொப்புளம் தெரிவதற்கு முன்பே காய்ச்சல் வந்துவிடுகிறது. பாதி மாத்திரை உள்ளே போவதும் அப்போதுதான்.

பாதி என்ற அளவே நாம் நினைப்பதுபோல நிலையானதன்று. சாதாரண அளவில் ரத்தத்திலுள்ள சாலிசிலேட்டில் பாதி நீங்க இரண்டு மூன்று மணி நேரம் போதும். அளவு ஏறினால் அதைக் கழிக்கும் ஈரலின் வழிகள் நிரம்பிவிடுகின்றன. மிகையான அளவில் பாதி நீங்கவே 15 முதல் 30 மணி நேரம் ஆகலாம். வாந்தியும் வியர்வையுமாக நீர் வற்றிய சின்ன உடம்பில், சூடு இறங்கவில்லை என்று திரும்பத் திரும்பக் கொடுத்தால் சேர்ந்துகொண்டே போகும். ஆஸ்பிரின் எதில் இருக்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது. தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் டிஸ்பிரினும், தாத்தாவின் ஈகோஸ்பிரினும் ஆஸ்பிரின்தான். அட்டையைக் கத்தரித்து நாலு மாத்திரை கொடுக்கும்போது பெயர் இருக்கும் பக்கம் பெரும்பாலும் கடையிலேயே நின்றுவிடுகிறது. காய்ச்சலுக்கு ஒரு செட் என்று கேட்டு வாங்கினால், தாள் உறைக்குள் உதிரியாகக் கிடக்கும் மாத்திரைகளில் எது எது என்று வாங்கியவருக்குத் தெரிய வழியே இல்லை. வலித்தைலங்களில் சேர்க்கும் வின்டர்கிரீன் எண்ணெயும் சாலிசிலேட்தான். கலப்பில்லாத அந்த எண்ணெய் ஒரு தேக்கரண்டி, 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் இருபதுக்கும் மேல் விழுங்கியதற்குச் சமம். வாய்ப்புண்ணுக்குத் தடவும் சில ஜெல்களிலும் சாலிசிலேட் உண்டு. 16 வயதுக்குட்பட்டோருக்கு அவற்றைத் தடவ வேண்டாம் என்று பிரிட்டன் 2009இல் அறிவித்தது.

மிகக் கூர்மையான மறுப்பு இன்னொன்று: இவ்வளவு ஆபத்தானது என்றால் குழந்தை மருத்துவர்களே சில குழந்தைகளுக்கு ஏன் ஆஸ்பிரின் எழுதுகிறார்கள்? எழுதுகிறார்கள், எழுதவும் வேண்டும். ஜப்பானிய மருத்துவர் தொமிசாக்கு கவாசாக்கி 1967இல் விவரித்த நோயில், நாட்கணக்கில் நீளும் காய்ச்சலோடு இதயத்தின் ரத்தக் குழாய்கள் புடைத்துவிடக்கூடும். சிகிச்சை இல்லாவிட்டால் நான்கில் ஒரு குழந்தைக்கு அது நேரலாம். இம்யூனோகுளோபுலின் மருந்தை ரத்தத்தில் ஏற்றி, கூடவே ஆஸ்பிரினும் கொடுப்பார்கள். பிறகு குறைந்த அளவில் சில வாரங்களுக்குத் தொடர்வார்கள். ருமாட்டிக் காய்ச்சலில் மூட்டு வீக்கத்துக்கும், சில இதய அறுவைகளுக்குப் பின் ரத்தம் கட்டாமல் இருக்கவும் அது தேவைப்படுகிறது. இது என் வாதத்தை உடைக்கவில்லை, உறுதிப்படுத்துகிறது. அங்கே நோய் இன்னதென்று தெரியும், ஆஸ்பிரின் செய்யும் வேலை இன்னதென்று தெரியும். நடுவில் ஃப்ளூவோ சின்னம்மையோ வந்தால் உடனே சொல்லச் சொல்வார்கள். ஃப்ளூ தடுப்பூசியும் போடச் சொல்வார்கள். ஆகவே இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆஸ்பிரினைப் பெற்றோர் யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அந்தக் குழந்தைக்கு மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து. உடைத்துக் கொடுப்பதும் தாமாக நிறுத்துவதும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள். இரண்டிலும் நோயைப் பார்க்காமல் மருந்தை மட்டும் பார்த்து முடிவு செய்கிறோம்.

பாராசிட்டமால் மட்டும் ஈரலைக் கெடுக்காதா என்று கடைசியாகக் கேட்பார்கள். மிகையானால் கெடுக்கும். நம் பழமொழி பொருந்தும் இடம் இதுதான். இங்கே எல்லைக்கோடு தெளிவாக இருக்கிறது. ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம், இரண்டு வேளைக்கு நடுவே நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி. பத்துக் கிலோ பிள்ளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம். கவனிக்க வேண்டியது மருந்தின் செறிவு. மில்லிக்கு 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலிருந்து ஒன்றரை மில்லி போதும். அதைச் சிரப் என்று எண்ணி ஒரு தேக்கரண்டி ஊற்றினால் 500 மில்லிகிராம் போய்விடும். அதனால் புட்டியின் மேல் அச்சிட்ட எண்ணைப் படிக்காமல் ஊற்றக் கூடாது. காய்ச்சலை எப்படியாவது அடித்து இறக்கியே ஆக வேண்டும் என்ற அவசரமும் தேவையில்லை. பிள்ளை விளையாடுகிறது, தண்ணீர் குடிக்கிறது, சிறுநீர் போகிறது என்றால் கொஞ்சம் சூடு இருப்பதே ஆபத்தாகாது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல், நிற்காத வாந்தி, எழுப்பினால் எழாத மயக்கம், ரத்தக்கசிவு ஆகியவை தெரிந்தால் எந்த மாத்திரையையும் நம்பி வீட்டில் இருக்கக் கூடாது.

இதில் பெற்றோரை மட்டும் குறை சொல்லி முடிப்பது அநியாயம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தாய்மார்கள் திடீரென்று புத்திசாலிகள் ஆகிவிடவில்லை. அவர்களுக்குப் புரியும் மொழியில் உறைமேலேயே ஒரு வரி அச்சானது. நம் மருந்துக்கடைக்காரர் ஆஸ்பிரின் அட்டையைக் கத்தரிக்கும்போது "யாருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். பிள்ளைக்கு என்றால் கொடுக்காமல் அனுப்பலாம், பெயர் இருக்கும் துண்டோடு சேர்த்துக் கத்தரிக்கலாம். அங்கன்வாடியிலும் தடுப்பூசி முகாமிலும் இதைத் தமிழில் ஒரு வரியாகச் சொல்லலாம்: காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு, மருத்துவர் பார்த்து எழுதாமல், ஆஸ்பிரின் கால் மாத்திரைகூட வேண்டாம். இதற்குப் பெரிய செலவில்லை. அந்த இரவில், மாத்திரையை உடைக்கக் கத்தியை எடுக்கும் கை, முதலில் அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்தால் போதும்.